100 டாலருக்குக் கைமாறிய ஆட்டக்காரர் நீதிபதி ஆனார்

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். கனடா எல்லையை ஒட்டிய குளிர்ப் பிரதேசம். அந்த மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டில் 22 ஆண்டுகளுக்கு மேல் நீதிபதியாக இருந்தவர் ஆலன் பேஜ்.

கறுப்பு அங்கி. கழுத்தில் பட்டாம்பூச்சி போன்ற சிறிய 'டை'. அமைதியான முகம். ஆனால் அவர் கையை மேசை மீது வைத்தால், பார்ப்பவர்களின் கண் சுண்டு விரலுக்குப் போய்விடும். மற்ற விரல்கள் எல்லாம் நேராக இருக்கும். சுண்டு விரல் மட்டும் மடங்கி, வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும்.

அது பிறவியில் வந்தது அல்ல. பழைய தொழில் கொடுத்த பரிசு.

நீதிபதி ஆவதற்கு முன்பு அவர் 15 ஆண்டுகள் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். 218 ஆட்டங்கள். ஒன்றுக்குக்கூட 'லீவு' போட்டது இல்லை. அந்த 15 ஆண்டுகளுக்குள்ளேயே அவர் சட்டமும் படித்து முடித்தார். முதலாளிகளை எதிர்த்து வழக்கும் போட்டார். வேலையில் இருந்தும் நீக்கப்பட்டார்.

அவருடைய கதை இது.

கபடிக் கோடு போல

அமெரிக்கர்கள் 'கால்பந்து' என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூராக, நீளமாக இருக்கும். பெரும்பாலும் அதைக் கையில்தான் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது கையால்தான் வீசுவார்கள். தலையில் கவசம், தோளில் கவசம் உண்டு. ஒரு பக்கத்துக்கு 11 பேர்.

ஒரு அணி பந்தை வைத்துக்கொண்டு முன்னேற வேண்டும். நாலு முயற்சிக்குள் 10 கஜம் நகர வேண்டும். நகராவிட்டால் பந்து எதிர் அணிக்குப் போய்விடும்.

கபடியில் நடுக்கோடு இருப்பது போல இங்கும் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை ஆட்கள், அந்தப் பக்கம் ஒரு வரிசை ஆட்கள், மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் குனிந்து நிற்பார்கள். பந்து அசைந்ததும் இரு வரிசையும் மோதும்.

பந்தை வீசுகிறவருக்கு 'குவார்ட்டர்பேக்' என்று பெயர். படம் பத்திரிகையில் வருவது அவருக்கு. பணமும் பெயரும் அவருக்கு. அவரைப் பந்து வீச விடாமல் பிடித்துக் கீழே தள்ளுவதற்கு என்றே எதிர் அணியில் ஒரு வரிசை இருக்கிறது. அதுதான் தற்காப்பு முன்வரிசை. ஆலன் பேஜ் நின்றது அந்த வரிசையின் நடுவில்.

அது மோதும் வேலை. ஒரு ஆட்டத்தில் பல பத்து தடவை, 110 கிலோ, 120 கிலோ ஆட்கள் மீது முழு வேகத்தில் மோத வேண்டும். பந்து கையில் வருவது அபூர்வம். கொஞ்சம் சோர்ந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருப்பான். முழங்கால் போனால் தொழிலும் போயிற்று. பலருக்கு நாலைந்து ஆண்டுகளில் ஆட்டம் முடிந்துவிடும்.

இரும்பாலை ஊர்

ஆலன் பேஜ் பிறந்தது 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந்தேதி. ஓகியோ மாநிலத்தில் காண்டன் என்ற ஊர். இரும்பாலைகள் நிறைந்த ஊர் அது. கறுப்பு இனத்துக் குடும்பம். தந்தை ஒரு மதுக்கடையை நிர்வாகம் செய்தார். தாயும் வேலைக்குப் போனார். பெரிய படிப்பு இல்லாத அவர்கள், பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள்.

பையனுக்கு 13 வயதானபோது தாய் இறந்துவிட்டார்.

அந்த ஊரில் படிப்பு இல்லாத பையனுக்கு எதிரே இருந்த வழி இரும்பாலை. காலையில் உள்ளே போய் மாலையில் கரி பூசி வெளியே வருகிறவர்களைப் பேஜ் தினமும் பார்த்தார். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று சிறு வயதிலேயே முடிவு செய்தார்.

வேண்டாம் என்பது சரி, வேண்டும் என்பது எது?

1954-ம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று அரசாங்கம் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது அந்தத் தீர்ப்பு. பேஜுக்கு அப்போது 8 வயது. கோர்ட்டு என்று ஒன்று இருக்கிறது, அங்கே பேசுகிறவர்களால் நாட்டையே மாற்ற முடியும் என்று அவர் மனதில் பதிந்தது. கதைப் புத்தகத்தில் வரும் வக்கீல்களும் அவரைக் கவர்ந்தார்கள். வக்கீல் ஆவது என்று அப்போதே ஆசை விழுந்தது.

கால்பந்து அதற்குப் பிறகுதான் வந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஆடத் தொடங்கினார். உயரமும் வேகமும் சேர்ந்திருந்தன. அதைக் கொண்டு இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1966-ம் ஆண்டு நாட்டின் முதன்மைக் கல்லூரி அணியாக நோட்டர்டாம் தேர்வானது. பேஜ் அதில் முன்வரிசை ஆட்டக்காரர். 1967-ல் அரசியல் பாடத்தில் பட்டம் பெற்றார்.

தோற்ற முதல் முயற்சி

அமெரிக்காவில் கல்லூரி முடித்த ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியில் சேர முடியாது. அணிகள்தான் முறை வைத்து ஆட்களைப் பொறுக்கும். யார் பொறுக்கினார்களோ அவர்களிடம் போக வேண்டும். 1967-ல் பேஜை 15-வது ஆளாகப் பொறுக்கியது 'மின்னசோட்டா வைகிங்ஸ்' அணி. பிறந்த ஊரை விட்டு, முன்பின் அறியாத குளிர் தேசத்துக்குப் புறப்பட்டார்.

ஆட்டத்துக்கு வந்த புதிதிலேயே அங்குள்ள ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். சில வாரங்கள்தான் போனார். பாடம் தலைக்குள் ஏறவில்லை. விட்டுவிட்டார்.

பகலில் வேலை, மீதி நேரத்தில் சட்டப் படிப்பு என்பது மும்பையிலும் பெங்களூரிலும் குமாஸ்தாக்கள் அறிந்த வாழ்க்கைதான். சேருகிறவர்கள் அநேகம், முடிக்கிறவர்கள் கொஞ்சம். பேஜும் முதலில் முடிக்காதவர் பட்டியலில் சேர்ந்தார்.

ஊதாப் படை

மைதானத்தில் கதை வேறு. முதல் ஆண்டிலேயே அணியில் நிரந்தர இடம் பிடித்தார்.

அவருடைய உயரம் 6 அடி 4 அங்குலம். எடை 111 கிலோ. நம் கண்ணுக்கு மலை. ஆனால் நடுவில் நின்று மோதுகிறவருக்கு அது பெரிய எடை அல்ல. எதிரே நிற்பவர் பெரும்பாலும் இவரை விடக் கனம். ஆகவே பேஜ் பலத்தை நம்பவில்லை, வேகத்தை நம்பினார். பந்து அசையும் அந்தக் கண நேரத்தில், எதிரே நிற்பவர் நிமிர்வதற்குள் இவர் இடுக்கில் புகுந்து போய்விடுவார். அவரை ஒருவர் தடுப்பது முடியாது என்று தெரிந்ததும், எதிர் அணிகள் இரண்டு பேரை நிறுத்தின. இரண்டு பேர் இவரிடம் வந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு வழி திறந்துவிடும்.

அந்தக் கூட்டாளிகளும் லேசானவர்கள் அல்ல. கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகிய மூவரும் பேஜும் சேர்ந்த நால்வர் அணிக்கு, ஆள் விழுங்கும் ஊதாப் பூதங்கள் என்ற பொருளில் ரசிகர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அணியின் சட்டை நிறம் ஊதா. 1958-ல் வந்த ஒரு வேடிக்கைப் பாட்டின் தலைப்பில் இருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள்.

திறந்தவெளி மைதானம். டிசம்பரில் மூச்சு விட்டாலே புகை வரும். பயிற்சியாளர் பட் கிராண்ட் கண்டிப்பான மனிதர். உறைபனியிலும் ஆட்டக்காரர்கள் பக்கத்தில் கணப்பு வைக்க விட மாட்டார். வெளியூரில் இருந்து வரும் அணிகள் நடுங்கும். ஊதாப் படை நடுங்காமல் நிற்கும்.

1971-ம் ஆண்டு எவரும் எதிர்பாராதது நடந்தது. தேசியக் கால்பந்து லீக்கில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று ஆலன் பேஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பத்திரிகைக்காரர்களிடம் வாக்கெடுத்துக் கொடுக்கும் விருது அது. அதுவரை பந்து வீசுகிறவருக்கும் பந்தோடு ஓடுகிறவருக்குமே அது போய்க்கொண்டிருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. அதன் பிறகு இன்னொரு தற்காப்பு ஆட்டக்காரருக்கு, லாரன்ஸ் டெய்லருக்கு, அது கிடைக்க 15 ஆண்டுகள் ஆயின.

குவார்ட்டர்பேக்கைப் பேஜ் எத்தனை தடவை வீழ்த்தினார் என்பதற்கு லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. அந்தக் கணக்கை லீக் எழுதத் தொடங்கியதே 1982-ல்தான். பேஜ் ஆட்டத்தை விட்டது 1981-ல்!

நான்கு முறை வாசல் வரை

அமெரிக்கக் கால்பந்தின் உச்சம் 'சூப்பர் பவுல்'. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் இறுதி ஆட்டம். பேஜ் இருந்த வைகிங்ஸ் அணி நான்கு முறை அதில் ஆடியது.

1970-ல் கான்சாஸ் சிட்டியிடம் 7-23. 1974-ல் மியாமியிடம் 7-24. 1975-ல் பிட்ஸ்பர்க்கிடம் 6-16. 1977-ல் ஓக்லாந்திடம் 14-32. நான்கு முறையும் தோல்வி.

விளையாட்டில் எல்லாம் பெற்ற பேஜுக்கு அந்தக் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. தன் மதிப்பை அந்தத் தோல்விகளால் அளக்க அவர் மறுத்தார். கால்பந்து தன் தொழில், தன் வாழ்க்கை முழுவதும் அது அல்ல என்பது அவர் எண்ணம். அப்படிச் சொல்லும் ஆட்டக்காரரை ரசிகர்களுக்கு எப்போதும் பிடிப்பதில்லை.

சங்கமும் வழக்கும்

ஆட்டக்காரர்களுக்கு அங்கே சங்கம் உண்டு. 1970 முதல் வைகிங்ஸ் அணியின் பிரதிநிதியாகப் பேஜ் அந்தச் சங்கத்தில் இருந்தார். செயற்குழுவிலும் இருந்தார்.

சங்கத்தின் பெரிய மனக்குறை ஒரு விதி. லீக் தலைவர் பீட் ரொசெல் பெயரால் அதை 'ரொசெல் விதி' என்றார்கள். ஒரு ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவர் வேறு அணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். புது அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு ஈடு என்பதில் இரு அணிக்கும் ஒத்துவராவிட்டால் ரொசெல் முடிவு செய்வார். நல்ல ஆட்டக்காரரையே ஈடாக எடுத்துக் கொடுத்துவிடுவார். அதற்குப் பயந்து எந்த அணியும் வேற்று ஆளைச் சேர்க்காது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய முதலாளியிடமே, அவர் கொடுக்கும் சம்பளத்துக்கே நிற்க வேண்டும்.

1974-ம் ஆண்டு கோடையில் ஆட்டக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். "சுதந்திரம் இல்லையேல் கால்பந்து இல்லை" என்பது கோஷம். சுமார் 6 வாரம் நடந்தது. பலன் இல்லாமல் முடிந்தது.

மைதானத்துக்கு வெளியே தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜான் மேக்கி என்ற ஆட்டக்காரர் பெயரில் வழக்கு. வாதிகளில் ஆலன் பேஜும் ஒருவர். மின்னியாபொலிஸ் நகரத்தில் நீதிபதி எர்ல் லார்சன் முன்பு 55 நாட்கள் விசாரணை நடந்தது. சாட்சிப் பதிவு 11 ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. 1975 டிசம்பர் 30-ந்தேதி நீதிபதி தீர்ப்பு சொன்னார். ரொசெல் விதி, வியாபாரப் போட்டியைத் தடுக்கும் செயல்களைத் தண்டிக்கும் சட்டத்துக்கு விரோதம் என்றார். மறு ஆண்டு மேல் கோர்ட்டும் அந்த விதியைச் சட்டவிரோதம் என்றே சொன்னது.

வேலை நிறுத்தத்தால் முடியாததைச் சட்டப் புத்தகம் முடித்தது.

மறுபடியும் வகுப்பறை

அதே 1975-ம் ஆண்டில்தான் பேஜ் மீண்டும் சட்டம் படிக்கச் சேர்ந்தார். இந்த முறை மின்னசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி. வயது 30. நாடு அறிந்த ஆட்டக்காரர். ஆட்டத்தை விடவில்லை; சம்பளத்தையும் விடவில்லை. ஆட்டப் பருவத்தில் பயிற்சிக்கும் வகுப்புக்கும் இடையே ஓடினார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாதங்களில் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

முதல் தடவை விட்டு ஓடியவர் இந்தத் தடவை மூன்று ஆண்டுகள் நின்றார். 1978-ல் சட்டப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில்தான் வேலையும் போனது.

ஓட்டம் வந்தது, எடை போனது

பேஜின் மனைவி டயேன். 1973-ல் திருமணம். சிகரெட்டை விட வேண்டும் என்று டயேன் ஓடத் தொடங்கினார். துணைக்குக் கணவரும் ஓடினார். மனைவிக்காகத் தொடங்கிய ஓட்டம் அவரையே பிடித்துக்கொண்டது. தினமும் மைல் கணக்கில் ஓடினார்.

ஓடினால் உடம்பு இளைக்கும். 111 கிலோ இருந்தவர் சுமார் 100 கிலோவுக்கு வந்தார். உடம்பு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார் பேஜ். பயிற்சியாளர் ஏற்கவில்லை. நடுவில் நிற்பவருக்கு எடை வேண்டும், இவரால் இனி அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது கிராண்டின் முடிவு. அந்த இடத்தில் மோதும் ஆட்களின் எடையைப் பார்த்தால் பயிற்சியாளர் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது.

1978 அக்டோபரில், பருவத்தின் நடுவில், 6 ஆட்டம் முடிந்த நிலையில், வைகிங்ஸ் அணி ஆலன் பேஜை நீக்கியது. 12-வது ஆண்டு அது. 160 ஆட்டங்கள் அந்த அணிக்காக ஆடியிருந்தார்.

நீக்கப்பட்ட ஆட்டக்காரரை வேறு அணி கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு சில்லறைக் கட்டணம் உண்டு. 100 டாலர். 'சிகாகோ பேர்ஸ்' அணி அந்த 100 டாலரைக் கட்டி, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராக இருந்தவரை எடுத்துக்கொண்டது. சிகாகோவின் தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆம்ஸ்ட்ராங், முன்பு மின்னசோட்டாவில் பணியாற்றியவர். பேஜ் எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியும். (சந்திரனில் இறங்கியவர் வேறு ஆம்ஸ்ட்ராங்.)

முடிந்துவிட்டார் என்று தள்ளப்பட்டவர் அதன் பிறகு 3 ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். சிகாகோவுக்காக 58 ஆட்டங்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. 160-ம் 58-ம் சேர்ந்து 218. ஓட்டத்தையும் விடவில்லை. 1979-ல் 26 மைல் மாரத்தான் ஓட்டத்தை ஓடி முடித்தார். லீக்கில் ஆடிக்கொண்டு இருக்கும்போதே மாரத்தான் ஓடி முடித்த முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

அதே 1979-ல் மின்னியாபொலிசில் ஒரு வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆட்டப் பருவத்தில் சிகாகோ, மற்ற மாதங்களில் வக்கீல் ஆபீஸ். 1981-ல் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டபோது, 'இனி என்ன செய்வது' என்ற கேள்வி அவருக்கு இல்லை. மறு வேலை முன்னாலேயே தயாராக இருந்தது.

கவர்னரை எதிர்த்து

1985-ல் மாநில அரசின் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் போனார். வேலை தொடர்பான வழக்குகளைக் கவனித்தார்.

மின்னசோட்டாவில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 6 ஆண்டு. 1992-ல் ஒரு நீதிபதியின் காலம் முடிய இருந்தது. அந்த இடத்துக்குப் போட்டியிடப் பேஜ் விரும்பினார். ஆனால் கவர்னர் அந்த நீதிபதியின் காலத்தை நீட்டித்து உத்தரவு போட்டார். காலம் நீண்டால் தேர்தல் இல்லை.

பேஜ் வழக்குப் போட்டார். சுப்ரீம் கோர்ட்டு பதவி பற்றிய வழக்கை அதே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விசாரிக்க முடியுமா? அவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாக நியமிக்கப்பட்டவர்கள் விசாரித்தார்கள். நீட்டிப்பு செல்லாது, தேர்தல் நடக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

1992 நவம்பரில் தேர்தல். பேஜ் வென்றார். 1993 ஜனவரியில் பதவி ஏற்றார். மின்னசோட்டா சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பு இன நீதிபதி அவர். 1998, 2004, 2010 தேர்தல்களிலும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது அங்கே சட்டம். 2015 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார்.

படிக்க முடியாத கூட்டாளிகள்

வைகிங்ஸ் அணியில் இருந்தபோது நடந்த ஒரு சம்பவத்தைப் பேஜ் மறக்கவே இல்லை.

ஆட்ட முறைகளை எழுதிய புத்தகம் ஒன்றை அணி எல்லோருக்கும் கொடுக்கும். ஒரு நாள் முன்வரிசை ஆட்டக்காரர்களை உட்கார வைத்து, அதை ஒவ்வொருவராக உரக்கப் படிக்கச் சொன்னார் பயிற்சியாளர். சிலர் தடையில்லாமல் படித்தார்கள். சிலர் எழுத்துக்கூட்டித் திணறினார்கள். சிலரால் படிக்கவே முடியவில்லை.

அவர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போனவர்கள்!

நன்றாக ஆடுகிறான் என்பதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறார்கள். அவன் தோள் பலத்தை எல்லோரும் பார்த்தார்கள். அவனுக்கு எழுத்து வருகிறதா என்று எவரும் பார்க்கவில்லை. முழங்கால் போன அன்று அவன் கையில் என்ன இருக்கும்?

1988-ல் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் பேஜின் பெயரைச் சேர்த்தார்கள். ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கவுரவம் அது. மண்டபம் இருப்பது அவர் பிறந்த காண்டன் ஊரில். பள்ளி மாணவராக இருந்தபோது, அந்தக் கட்டிடம் எழும்பியபோது, அங்கே கட்டிட வேலை செய்தவர் அவர். அன்று கூலிக்கு நின்ற இடத்தில் இன்று மாலை மரியாதை.

அந்த விழாவில் புதியவரை மேடையில் அறிமுகம் செய்ய ஒருவரை அவரே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் பயிற்சியாளரையோ பழைய கூட்டாளியையோ அழைப்பார்கள். பேஜ் அழைத்தது மின்னியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை வில்லரீன் பீஸ்லியை! மேடையில் பேஜ் பேசியதும் படிப்பைப் பற்றித்தான். எழுத்துக்கூட்டத் திணறிய கூட்டாளிகளின் கதையை அங்கே சொன்னார்.

அதே ஆண்டில் அவரும் டயேனும் ஒரு கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மின்னசோட்டாவில் உள்ள கறுப்பு இன மாணவர்களுக்கும் மற்ற சிறுபான்மை இன மாணவர்களுக்கும் மேல்படிப்புக்கு உதவித்தொகை. ஆயிரக்கணக்கான பேர் அதனால் படித்தார்கள்.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் உண்டு. உதவித்தொகை பெறும் மாணவர் ஆண்டுக்கு 50 மணி நேரம் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும். வாங்கியவன் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அல்ல அதில் உள்ள கணக்கு. பக்கத்துத் தெரு அண்ணன் கல்லூரிக்குப் போவதை நேரில் பார்க்கும் பையன், தானும் போகலாம் என்று நம்புவான்.

பள்ளிக்கு ஒரு பெயர்

மின்னியாபொலிசில் ஒரு நடுநிலைப் பள்ளி. பழைய கவர்னர் அலெக்சாண்டர் ராம்சே பெயரால் இருந்தது. 1862-ல் அந்த மண்ணின் பூர்வகுடிகளை அழிக்க வேண்டும் அல்லது எல்லைக்கு வெளியே துரத்த வேண்டும் என்று சொன்னவர் அவர். அந்தப் பெயர் எங்களுக்கு வேண்டாம் என்று மாணவர்களே கிளம்பினார்கள். 2017-ல் பள்ளியின் பெயர் மாறியது. புதுப் பெயர்: 'ஜஸ்டிஸ் பேஜ்' நடுநிலைப் பள்ளி.

2018 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி வழங்கும் 'சுதந்திரப் பதக்கம்' பேஜுக்குக் கிடைத்தது. சாதாரணக் குடிமக்களுக்கு அந்த நாடு தரும் மிக உயர்ந்த விருது அது. அதைப் பார்க்க டயேன் இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான், செப்டம்பர் மாதம், அவர் காலமானார்.

கணவனும் மனைவியும் பல ஆண்டுகளாக ஒரு வேலை செய்து வந்தார்கள். அடிமை முறைக் காலத்தையும், கறுப்பர்களை ஒதுக்கி வைத்த காலத்தையும் காட்டும் பழம்பொருட்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். வீட்டில் பூட்டி வைக்காமல், மின்னியாபொலிஸ் மத்திய நூலகத்தில் 2018-ல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

இரட்டை நகரங்கள் என்று அழைக்கப்படும் மின்னியாபொலிஸ், செயிண்ட் பால் நகரங்களில் ஆண்டுதோறும் மாரத்தான் நடக்கும். பேஜின் வீட்டுப் பக்கமாக ஓட்டக்காரர்கள் போவார்கள். தோளைச் சுற்றிக்கொள்ளும் ஒரு பெரிய பித்தளை வாத்தியத்தை மாட்டிக்கொண்டு, தெரு ஓரத்தில் நின்று ஊதி, அவர்களுக்கு உற்சாகம் கொடுப்பது அந்த நீதிபதியின் வழக்கம்.

விடாத வழக்கு

ஓய்வு பெற்றவர் ஓய்ந்து இருக்கவில்லை. 2020 ஜனவரியில் புது வேலையைக் கையில் எடுத்தார். கூடச் சேர்ந்தவர், மின்னியாபொலிஸ் மத்திய வங்கிக் கிளையின் தலைவர் நீல் காஷ்காரி. இந்தியாவில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய காஷ்மீரக் குடும்பத்தின் பிள்ளை.

இருவரும் கேட்டது மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம். பள்ளிகளை நடத்துவது அரசின் கடமை என்று பழைய சட்டம் சொல்கிறது. அது போதாது, தரமான பொதுக்கல்வி ஒவ்வொரு பிள்ளையின் அடிப்படை உரிமை என்று எழுத வேண்டும் என்றார்கள். கடமை என்றால் அரசாங்கம் பள்ளியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கலாம். உரிமை என்றால், பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று பெற்றோர் கோர்ட்டுப் படி ஏறிக் கேட்கலாம்.

எதிர்ப்பும் வந்தது. ஆசிரியர் சங்கம் ஒப்பவில்லை. வழக்குகள்தான் பெருகும் என்றார்கள் சிலர். திருத்தம் மக்கள் வாக்குக்குப் போக வேண்டுமானால் முதலில் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். அது லேசில் நடக்கிற காரியம் அல்ல.

அப்போது பேஜுக்கு வயது 74. எதிரே நிற்பவர் தன்னைவிடக் கனம் என்பது அவருக்குப் புதிது அல்ல. அப்படிப்பட்டவர்கள் எதிரில் 15 ஆண்டுகள் குனிந்து நின்று பழகியவர் அவர்.